தேயாத கருவி தேய்க்காது

கான்கிரீட் தரையைத் தேய்க்க வைரக் கருவி வாங்கப் போகிறவர் கடையில் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, நம்ம தரை கருங்கல்லு மாதிரி இருக்கு. இருக்கறதுலயே ஹார்டா ஒண்ணு குடுங்க." விவரம் தெரிந்த கடைக்காரராக இருந்தால், "அப்படிப்பட்ட தரைக்கு சாஃப்ட் பாண்டுதான் சார் ஓடும். ஹார்டு போட்டீங்கன்னா வழுக்கிட்டே போகும்" என்பார். வந்தவருக்கு உடனே சந்தேகம் வரும்: விற்காமல் கிடக்கிற சரக்கை நம் தலையில் கட்டப் பார்க்கிறாரோ? வற்புறுத்தி ஹார்டையே வாங்கிக்கொண்டு போவார். மறுநாள் மெஷின் ஒரு மணி நேரம் சுற்றும். தரை இம்மியும் குறையாது, மினுமினுப்பு மட்டும் ஏறும்.

கடைக்காரர் சொன்னதுதான் சரி. அது ஏன் சரி என்பதில் நல்ல இயற்பியலும் இருக்கிறது, கணிசமான பணமும் இருக்கிறது.

நன்றாக இருக்கிற தரையை எதற்குத் தேய்க்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்கலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் சாம்பல் நிறத்திலோ பச்சையிலோ பளிச்சென்று எபாக்சி பூசிய தரையைப் பார்த்திருப்பீர்கள். மருத்துவமனை, மருந்துக் கம்பெனி, அடுக்குமாடிக் கட்டடங்களின் கார் நிறுத்துமிடம் என்று எல்லா இடத்துக்கும் அது வந்துவிட்டது. பூச்சு ஒட்ட வேண்டியது கான்கிரீட்டில். ஆனால் கான்கிரீட்டின் மேல்தோலில் ஜல்லியும் இல்லை, பலமும் இல்லை. ஊற்றிய சில மணி நேரத்தில் கனமான ஜல்லி கீழே அமர, தண்ணீர் மேலே கசிந்து வருகிறது. வரும்போது சிமெண்டிலும் மணலிலும் உள்ள மிக நுண்ணிய துகள்களைத் தூக்கிக்கொண்டு வருகிறது. மேஸ்திரிகள் சிமெண்ட் பால் என்று சொல்வது இதைத்தான். காய்ந்ததும் மெல்லிய ஏடாகப் படிந்துவிடும். தண்ணீர் மிதக்கிறதே என்று அதன்மேல் வெறும் சிமெண்டைத் தூவிக் கரண்டியால் இழுத்துவிடும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. பார்வைக்கு வழவழப்பாக இருக்கும். ஏடு இன்னும் மோசமாகும்.

எபாக்சி இந்த ஏட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஏடு கீழே உள்ள கான்கிரீட்டை அப்படிப் பிடித்துக்கொள்வதில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஒரே மூலையில் திரும்பித் திரும்பிப் போக, ஒரு நாள் பூச்சு பெயரும். பெயர்ந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் ஒட்டியிருக்கும். பெயிண்ட் தன் பிடியை விடவே இல்லை. தரைதான் தன் தோலை விட்டுவிட்டது. அந்தத் தோலை முன்கூட்டியே நீக்கிவிட்டு, பூச்சு பற்றிக்கொள்ள மணல்தாள் போலச் சற்றுச் சொரசொரப்பான பரப்பைக் கொடுப்பதுதான் தேய்ப்பின் வேலை.

ஆசிட் ஊற்றிக் கழுவினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் மலிவு, மெஷின் வேண்டாம். ஆனால் அமிலம் சிமெண்டைக் கரைத்துவிட்டு அதன் உப்பை உள்ளே விட்டுச் செல்லும். குளோரைடு என்பது கம்பிக்கு எமன். எண்ணெய் ஊறிய இடத்திலும் மேல்பரப்பை இறுக்கும் ஹார்டனர் போட்ட இடத்திலும் அமிலம் கடிக்கவும் செய்யாது. கழுவிய தண்ணீரை எங்கே விடுவது என்ற கேள்வி வேறு. சின்ன மோட்டார் அறைக்குச் செய்யலாம். தொழிற்சாலைத் தரைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, வைரம் எங்கிருந்து வந்தது? நம் வீடுகளின் மொசைக் தரையைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தவை சிலிக்கான் கார்பைடு கற்கள். 1890-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எட்வர்ட் அச்சசன் மின் உலையில் செய்து, கார்போரண்டம் என்று பெயர் வைத்த பொருள். மோஸ் அளவுகோலில் 9-க்கு மேல். வைரம் 10. வித்தியாசம் ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம். மோஸ் அளவுகோல் எது எதைக் கீறும் என்ற வரிசையை மட்டுமே சொல்லும். அழுத்திப் பார்க்கும் சோதனைகளில் வைரம் சிலிக்கான் கார்பைடைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கடினம். குவார்ட்ஸ் மணலையும் ஜல்லியையும் ஒரு தயக்கமும் இல்லாமல் வெட்ட வைரம் போல வேறில்லை. பூமியில் தோண்டி எடுத்த வைரத்தைத் தரை தேய்க்கக் கொடுக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. அதை மாற்றியது 1954 டிசம்பர் 16. அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் தாம் வடிவமைத்த அழுத்தக் கருவியில் வைரத் துகள்களை உருவாக்கினார். ஸ்வீடனின் ASEA நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டே செய்திருந்தது, ஆனால் வெளியே சொல்லவில்லை.

செயற்கை வைரச் செய்முறையின் அடிப்படை இன்றும் அதுவே. கார்பனை, உருகிய நிக்கல், இரும்பு, கோபால்ட் போன்ற உலோகத்தோடு வைத்து, வளிமண்டலத்தைப் போல 50,000 மடங்குக்கு மேலான அழுத்தத்தில் 1,400 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குவார்கள். கிராஃபைட் உலோகத்தில் கரைந்து வைரமாகப் படியும். உலகின் செயற்கைத் தொழில் வைரத்தில் மிகப் பெரும்பங்கு இப்போது சீனாவில் தயாராகிறது. அதிலும் ஹெனான் மாகாணம் இதற்குப் பேர்போனது. மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் சர்க்கரைப் பொடி போல இருக்கும். மோதிரத்துக்கு உதவாது, தரைக்கு உதவும்.

இந்தப் பொடியை உலோகத் தூளோடு கலந்து, கிராஃபைட் அச்சில் இட்டு, அழுத்தத்தோடு சூடாக்கிக் கட்டியாக்கினால் வருவதுதான் செக்மெண்ட். தூளில் கோபால்ட், வெண்கலம், இரும்பு, டங்ஸ்டன் கார்பைடு என்று தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் கைப்பக்குவம் மாறும். இந்த உலோகப் பிடிமானத்தைத்தான் பாண்ட் என்கிறார்கள். ஒரு கன செண்டிமீட்டரில் 4.4 காரட் வைரம் இருந்தால் அதன் செறிவு 100. அதாவது கன அளவில் கால் பங்கு வைரம். தரை தேய்க்கும் செக்மெண்டுக்கு இவ்வளவு தேவையில்லை. செறிவு 25 என்று வைத்துக்கொண்டால், 40 மில்லிமீட்டர் நீளமும் 10 மில்லிமீட்டர் அகலமும் உயரமும் கொண்ட ஒரு செக்மெண்டில் 4.4 காரட் வைரம் இருக்கும். அரை மில்லிமீட்டர் துகள்களாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய நான்காயிரம். கேட்க ஆடம்பரமாக இருக்கும். ஆனால் எந்த நேரத்திலும் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பவை அவற்றில் மிகச் சில. மீதமெல்லாம் உலோகத்துக்குள் புதைந்து தங்கள் முறைக்காகக் காத்திருக்கின்றன.

விஷயமே அந்த முறையில்தான் இருக்கிறது.

தேய்த்துப் பாதி கரைந்த ஒரு செக்மெண்டை நகை மதிப்பீட்டாளர் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சாம்பல் உலோகத்துக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக வைரத் துகள்கள் தலை நீட்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் சிறு பள்ளம். பின்னால் வால்நட்சத்திரத்தின் வால் போல நீண்டு சரியும் ஒரு உலோகத் திட்டு. செக்மெண்ட் எந்தத் திசையில் சுழன்றதோ அதற்கு எதிர்ப்பக்கம் வால் நீளும். வைரம் வெட்டித் தள்ளும் தூள் இரு பக்கமும் பிரிந்து ஓடும்போது நடுவில் வைரத்தின் மறைவில் இருக்கும் உலோகம் மட்டும் அரிபடாமல் மிஞ்சுவதால் உருவாகும் வால் அது. வைரத்துக்கு முட்டுக்கொடுப்பதும் அதுதான். வால் நீளமாகவும் தலை கூர்மையாகவும் இருந்தால் கருவியும் தரையும் பொருந்திப் போகின்றன என்று அர்த்தம்.

இப்போது வழுக்கிய செக்மெண்டைப் பாருங்கள். வால் இல்லை, பள்ளம் இல்லை. உலோகமும் வைரமும் ஒரே மட்டத்தில், மெருகேற்றியதுபோல மின்னும். விரலால் தடவினால் சொரசொரப்பே தட்டுப்படாது. வைரத்தின் முனை மழுங்கிவிட்டது. அதைக் கழற்றிவிட்டு அடுத்த வைரத்தை வெளியே கொண்டுவர உலோகம் தேய வேண்டும், அது தேயவில்லை. வீட்டு அம்மி வழவழத்துப் போனால் மிளகாய் அரைபடாது. அம்மி கொத்துகிறவர் வந்து உளியால் கொத்திவிட்டுப் போனபின்தான் பிடிக்கும். வைர செக்மெண்ட் தன்னைத் தானே கொத்திக்கொள்ளும் அம்மி. கொத்தும் உளி எது தெரியுமா? தரையிலிருந்து எழும் தூள்.

தரை கடினமாக இருந்தால் வைரம் அதிலிருந்து பெரிய சில்லாக எதையும் பெயர்க்க முடியாது, மைதா மாவு போன்ற நுண்தூளைத்தான் சுரண்டும். அந்த மாவுக்கு உலோகத்தை அரிக்கும் வலு கிடையாது. எனவே அந்த மாவுக்கே கரையக்கூடிய மென்மையான உலோகம் வேண்டும். தரை மென்மையாகவும் பொருபொருவென்றும் இருந்தால் மணல் மணியாகப் பெயர்ந்து வரும். ஒவ்வொரு மணியும் உலோகத்தை ராவும். அங்கே மென்மையான பாண்டைப் போட்டால் வைரம் தன் ஆயுளில் பாதியைக்கூட வேலை செய்யாமல் உதிர்ந்து விழும். பத்து மில்லிமீட்டர் செக்மெண்ட் சாயங்காலத்துக்குள் தகட்டோடு தகடாகிவிடும். அங்கேதான் டங்ஸ்டன் கார்பைடு சேர்ந்த ஹார்டு பாண்ட் வேண்டும். கடினத் தரைக்கு சாஃப்ட், மென்மையான தரைக்கு ஹார்டு என்று கடைக்காரர்கள் வாய்ப்பாடாகச் சொல்வதன் உள்ளர்த்தம் இவ்வளவே. சாஃப்ட், ஹார்டு என்பதெல்லாம் உலோகத்தைப் பற்றிய பேச்சு. உள்ளே இருக்கும் வைரத்தின் கடினம் இரண்டிலும் ஒன்றுதான்.

அப்படியானால் தரை கடினமா, மென்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பொறியாளரைக் கேட்டால் "எம்-30 போட்டிருக்கோம்" என்பார். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். எம்-30 என்பது 28 நாள் ஆன கான்கிரீட் கனசதுரம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் அழுத்தம் தாங்கும் என்பதற்கான குறியீடு. தரையின் உடம்பைப் பற்றியது அது. பூச்சுக்காகத் தேய்க்கும்போது நாம் எடுப்பதோ ஒன்று, அதிகம் போனால் இரண்டு மில்லிமீட்டர். ஜல்லியைப் பெரும்பாலும் தொடுவதுகூட இல்லை. சென்னையைச் சுற்றியுள்ள ஜல்லியில் சார்னோகைட் என்ற கல்லுக்குத் தனி இடமுண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் சமாதிக்கு வைத்த கல் பரங்கிமலைப் பக்கத்துக் கல் என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அவர் பெயரையே அதற்கு வைத்தார். அவ்வளவு உறுதியான கல் உள்ளே இருந்தாலும், மேல் இரண்டு மில்லிமீட்டரின் குணத்தைத் தீர்மானிப்பவை வேறு: ஈரம் காத்தார்களா, தரையை இழைக்கும் பவர் ட்ராவல் மெஷினை எவ்வளவு நேரம் ஓட்டினார்கள், ஹார்டனர் தூவினார்களா.

ஒரே கலவையில், ஒரே நாளில் ஊற்றிய இரண்டு தரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கூரை இல்லாத இடத்தில் சித்திரை வெயிலில் சாக்குகூடப் போர்த்தாமல் கிடந்தது. மேற்பரப்பில் சிமெண்ட் வினைபுரியத் தண்ணீர் கிடைக்காமலே காய்ந்தது. துடைப்பத்தால் பெருக்கினாலே புழுதி வரும். மற்றொன்று கூரைக்குக் கீழே, வாக்யூம் வைத்து உபரித் தண்ணீரை உறிஞ்சி, ஹார்டனர் தூவி, பவர் ட்ராவலின் இரும்பு இலைகளால் கறுத்துப் பளபளக்கும்வரை இழைத்தது. நம் ஊர்க்காரர்கள் டிரிமிக்ஸ் என்று சொல்லும் தரை. முதலாவதற்கு ஹார்டு பாண்ட், இரண்டாவதற்கு மிக மென்மையான பாண்ட். எம்-30 என்ற சீட்டு இரண்டுக்கும் ஒன்றே.

எனவே சீட்டை மடித்து வைத்துவிட்டு தரையைக் கீறிப் பாருங்கள். இதற்கென்றே மோஸ் எண்கள் குறித்த கீறல் பேனாக்கள் கிடைக்கின்றன. எந்த எண் முதலில் கோடு போடுகிறதோ அதற்குச் சற்றுக் கீழே தரையின் கடினம். அது இல்லாவிட்டால் ஒரு கம்பி ஆணி போதும். மணல் மணிமேல் இல்லாமல், நடுவே உள்ள சிமெண்டின் மேல் அழுத்தி இழுங்கள். பள்ளம் விழுந்து மாவு கொட்டினால் மென்மை. பள்ளம் விழாமல் தரைமேல் வெள்ளிக் கோடு விழுந்தால் அது ஆணியின் உலோகம், தேய்ந்தது ஆணி. தரை கடினம். நடுவாசலில், சுவரோரத்தில், லாரி நிற்கும் இடத்தில் என்று நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும். பெரிய தளம் ஒரே நாளில் ஊற்றப்படுவதில்லை. கட்டத்துக்குக் கட்டம் வேறு கையும் வேறு வெயிலும் பட்டிருக்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஈரம் காக்காத தரையில் மேலே புழுதி, அடியில் உறுதி. ஹார்டனர் தரையில் மேலே உறுதி, அந்தத் தோல் போனதும் அடியில் சாதாரணம். முதல் சுற்றுக்குச் சரியாக இருந்த பாண்ட் இரண்டாம் சுற்றில் தவறாகலாம். தூளைக் கையில் எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்கும் ஆபரேட்டர் இதை உடனே பிடித்துவிடுவார்.

வாங்கிய செக்மெண்ட் வழுக்குகிறது, கடைக்குத் திரும்பிப் போக நேரமில்லை என்றால் என்ன செய்வது? வேகத்தைக் குறைக்கலாம், மெஷின்மேல் எடை ஏற்றலாம். தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் தூள் சேறாகி உலோகத்தை அரிக்கும். சிலர் சொரசொரப்பான மணலைத் தூவி ஓட்டுவார்கள், ஆபரேட்டர்கள் இதை வைரத்தைத் திறப்பது என்பார்கள். எல்லாமே தற்காலிகம். பாண்ட் தவறு என்றால் பத்து நிமிடத்தில் மறுபடி மூடிக்கொள்ளும்.

அழுத்தம் என்றதும் செக்மெண்டின் எண்ணிக்கை நினைவுக்கு வர வேண்டும். மெஷினில் மாட்டும் ஒரு தகட்டில் ஒற்றை செக்மெண்டும் இருக்கும், இரட்டையும் இருக்கும். இரட்டை என்றால் இருமடங்கு வேலை என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேய்க்கும் தலைகள்மேல் 200 கிலோ எடை இறங்குகிறது, ஒன்பது தகடுகள் என்று கொள்வோம். இரட்டை என்றால் 18 செக்மெண்ட், ஒவ்வொன்றின் மேலும் 11 கிலோ. ஒற்றை என்றால் ஒவ்வொன்றின் மேலும் 22 கிலோ. கடினத் தரையில் வைரம் உள்ளே இறங்கக் கூர்ந்த அழுத்தம் வேண்டும். அங்கே ஒற்றைதான் வேகம். மென்மையான தரையில் இரட்டை நின்று நிதானமாக உழைக்கும், கோடும் குறைவாக விழும்.

அடுத்தது கிரிட். சல்லடையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்பதே இந்த எண். எண் ஏற ஏற வைரம் சிறிதாகும். 16 என்றால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 30 என்றால் சுமார் 0.6, 120 என்றால் எட்டில் ஒரு பங்கு மில்லிமீட்டர். பழைய பூச்சையும் மேடு பள்ளத்தையும் எடுக்க 16 அல்லது 20. சாதாரணத் தரையின் தோலை எடுக்க 30 அல்லது 40. எபாக்சி பிரைமர் அடிப்பதற்குப் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடலாம். பளபளப்பான பாலிஷ் கான்கிரீட் வேண்டுமென்றால்தான் 60, 120 என்று ஏறி, பிறகு ரெசின் பேடுகளுக்கு மாறி 400, 800, 1500 என்று போக வேண்டும். அப்போது நடுவில் ஒரு படியைத் தாண்டினால், தாண்டிய படியின் கோடு கடைசிவரை வெயில் சாய்ந்து விழும்போதெல்லாம் காட்டிக்கொடுக்கும். எபாக்சிக்காகத் தேய்க்கிறவர் ஆசைப்பட்டு 120 வரை போவது வீண்வேலை மட்டுமல்ல, கெடுதலும்கூட. பூச்சு பற்ற இடமில்லாமல் போகும்.

எவ்வளவு சொரசொரப்பு வேண்டும் என்பதைக் கண்ணால் ஒப்பிட அமெரிக்காவின் சர்வதேச கான்கிரீட் பழுதுநீக்கக் கழகம் ரப்பர் மாதிரிகள் வைத்திருக்கிறது. 1 முதல் 10 வரை. 1 கிட்டத்தட்ட வழவழப்பு, 10 குன்றும் குழியும். வைரத் தேய்ப்பால் கிடைப்பது 1 முதல் 3 வரை. மெல்லிய பூச்சுகளுக்கு இது தாராளம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் தானே சமன்படும் எபாக்சி ஊற்றுவதென்றால் 4-க்கு மேல் கேட்பார்கள். அங்கே வைரத்தோடு மல்லுக்கட்டாமல், எஃகுக் குண்டுகளை வீசியடிக்கும் ஷாட் பிளாஸ்டிங் மெஷினைக் கூப்பிடுவது நல்லது.

பழைய பசை, தார், ரப்பர் போன்ற பெயிண்ட் இருக்கும் தரை தனிக் கதை. வைரம் சுழலும் சூட்டில் பசை இளகி, செக்மெண்டின் முகத்தில் அப்பிக்கொள்ளும். அப்புறம் வைரம் தரையைத் தொடவே தொடாது. இதற்கு பிசிடி என்ற கருவி இருக்கிறது. நுண்வைரங்களை ஒன்றாக இறுக்கி, டங்ஸ்டன் கார்பைடின் மேல் ஒட்டிய பல். அது ராவாது, சீவும். பூச்சு சுருள் சுருளாக வரும். பல்லுக்கு ஒரு பக்கம்தான் கூர் என்பதால் மெஷின் வலமாகச் சுற்றுகிறதா இடமாகச் சுற்றுகிறதா என்று பார்த்து மாட்ட வேண்டும். துருத்தி நிற்கும் போல்ட்டில் மோதினால் பல் உடையும். வெறும் கான்கிரீட்டில் ஓட்டினால் ஏர் உழுததுபோல் கோடு போட்டுவிடும். பூச்சு போனதும் கழற்றிவிட்டு சாதாரண செக்மெண்டுக்கு மாறிவிட வேண்டும்.

சுவரோரம் பெரிய மெஷின் எட்டாது. ஆங்கிள் கிரைண்டரில் கப் வீல் மாட்டி உட்கார்ந்துதான் தேய்க்க வேண்டும். இங்கே வேகத்தைக் கவனியுங்கள். 100 மில்லிமீட்டர் சக்கரம் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு வினாடிக்கு 57 மீட்டர் ஓடுகிறது, மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். பெரிய மெஷினில் 230 மில்லிமீட்டர் தகடு 600 சுற்றில் ஓடினால் விளிம்பு வேகம் வினாடிக்கு 7 மீட்டர்தான். கப் வீலின் வேகத்தில் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் சூடு ஏறும். காற்றில் 700 டிகிரி அளவில் வைரம் எரியத் தொடங்கும். எவ்வளவு கடினமாக இருந்தாலும் வைரமும் கார்பன்தானே. கீழே கம்பி தட்டுப்பட்டால் இன்னும் மோசம். சூடான இரும்பு கார்பனைக் கரைத்து உறிஞ்சும். உலையில் வைரம் பிறக்க உதவிய அதே நாட்டம் இங்கே வைரத்தைத் தின்கிறது. எஃகை வெட்ட வைரக் கருவியைப் பயன்படுத்தாததற்குக் காரணம் இதுதான். கப் வீலை அழுத்தாமல், மெஷினின் எடையிலேயே முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருப்பதுதான் வித்தை.

விலைக்கு வருவோம். செக்மெண்ட் சீக்கிரம் கரைந்தால் ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பது இயல்பு. ஒரு உத்தேசக் கணக்கு. 6,000 சதுர அடிக் கடினத் தரை. ஹார்டு பாண்ட் ஒரு செட் 6,000 ரூபாய், வேலை முடியும்வரை தாங்கும், ஆனால் மணிக்கு 100 சதுர அடிதான் நகரும். மொத்தம் 60 மணி நேரம். சாஃப்ட் பாண்ட் அதே விலை, இரண்டு செட் கரையும், 12,000 ரூபாய். ஆனால் மணிக்கு 250 சதுர அடி, 24 மணி நேரத்தில் முடியும். மெஷின் வாடகை, இரண்டு ஆள், மின்சாரம் எல்லாம் சேர்த்து மணிக்கு 600 ரூபாய் என்றால், மிஞ்சும் 36 மணி நேரத்தின் மதிப்பு 21,600. கூடுதலாக வாங்கிய செட்டைக் கழித்தாலும் 15,600 ரூபாய் லாபம். எண்கள் இடத்துக்கு இடம் மாறும், கணக்கின் போக்கு மாறாது. நிறத்தைப் பார்த்து வாங்குவதும் ஆபத்து. பாண்டைக் குறிக்கும் நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது. ஒரு கம்பெனியின் சிவப்பு இன்னொரு கம்பெனியில் வேறொன்று. இரண்டு வகை பாண்டில் ஒவ்வொரு செட் எடுத்துக்கொண்டு போய், தரையின் ஒரு மூலையில் செட்டுக்குப் பத்து நிமிடம் ஓட்டி, வெர்னியரில் செக்மெண்ட் உயரத்தையும் எடுத்த தூளையும் ஒப்பிட்டுவிட்டு மீதியை வாங்குங்கள். இதைவிட நல்ல ஆலோசகர் கிடையாது.

தேய்த்தபின் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் பழைய மெழுகோ கியூரிங் மருந்தோ எண்ணெயோ இன்னும் உள்ளே இருக்கிறது. உடனே உறிஞ்சிக் கறுத்தால் சரி. ஈரத்தைப் பார்க்க, 45 செண்டிமீட்டர் சதுர பாலிதீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். அடியில் வியர்த்தாலோ தரை கறுத்தாலோ பூச்சை ஒத்திப்போட வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைத் தரைத்தளங்களில் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு எபாக்சி அடிப்பது துணிச்சல்.

கடைசியாக, தூள். கருவியின் கூர்மையைக் காப்பாற்றும் அதே தூளில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்து பறக்கும் புழுதியைவிட, தெரியாமல் மிதக்கும் சில மைக்ரான் துகள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். அங்கே தழும்பாக மாறும் நோய் சிலிகோசிஸ். சுவாசிக்கும் படிகச் சிலிக்காவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-ல் வகைப்படுத்தியது. அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலைக்கு, ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம்தான் உச்சவரம்பு. ஒரு கிராமை இருபதாயிரமாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு. நம் நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலும் சிலிகோசிஸ் இருக்கிறது. ஆனால் வெறும் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு கப் வீல் பிடிக்கும் தம்பிகளை இன்றும் எந்தக் கட்டடத்திலும் பார்க்கலாம். கைக்குட்டையும் சாதாரண வாக்யூமின் துணிப்பையும் பெரிய துகளைத்தான் பிடிக்கும். ஹெப்பா வடிகட்டி பொருத்திய வாக்யூமை மெஷினோடு இணைக்க வேண்டும், அல்லது தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். கப் வீலுக்கும் தூள் உறிஞ்சும் மூடி தனியாகக் கிடைக்கிறது.

உங்கள் தரைக்கு விலைப்பட்டியல் கேட்கும்போது அதில் ஹெப்பா வாக்யூம் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள், அதற்கான தொகையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். சிலிகோசிஸைக் குணப்படுத்த மருந்து கிடையாது.